பிசிஎம்5102ஏ டேக் போர்டு: வயரிங்கும் பவர் சப்ளையும்

டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அலையாக மாற்றும் டேக்கை வீட்டிலேயே கட்டுவது இன்று பெரிய வேலை இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்5102ஏ சிப் பொருத்திய சின்ன போர்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சிப்பின் வெளியீடு 2.1 வோல்ட், டைனமிக் ரேஞ்ச் 112 டெசிபெல். நல்ல ஹைஃபை கருவிக்கு இது தாராளம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலிருந்து (இனி 'பை') சில வயர் கொடுத்தால் பாட்டு வந்துவிடும்.

பாட்டோடு சேர்ந்து உறுமலும் 'உஸ்' என்ற இரைச்சலும் வந்தால், உடனே சிப்பைக் குறை சொல்லத் தோன்றும். குற்றம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். அனுப்பிய கரண்ட் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதை வயரிங் செய்யும்போது யோசிக்காமல் விட்டிருப்போம். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

முதலில் போர்டைத் திருப்பிப் பாருங்கள்

போர்டின் பின்புறம் 1 முதல் 4 வரை எண்ணிட்ட நான்கு ஜம்பர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று சின்னத் தகடுகள். நடுத் தகட்டை ஒரு பக்கம் சேர்த்தால் ஹை, மறுபக்கம் சேர்த்தால் லோ. சில போர்டுகளில் இவை ஏற்கெனவே ஈயம் வைத்து வரும், சிலவற்றில் வெறுமனே வரும். வெறுமனே வந்த போர்டை அப்படியே இணைத்துவிட்டு, சத்தமே இல்லையே என்று திகைப்பவர்கள் நிறைய.

வைக்க வேண்டிய நிலை இதுதான்: 1 லோ, 2 லோ, 3 ஹை, 4 லோ. ஒன்றாவது, ஃபில்டர் தேர்வு. இரண்டாவது, மேல்சுரங்களைக் குறைக்கும் டி-எம்ஃபசிஸ், தவறிப்போய் ஹையில் வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகளில் மேல்சுரங்கள் மங்கி, ஸ்பீக்கருக்குப் போர்வை போர்த்தியதுபோல் கேட்கும். மூன்றாவது மியூட், அது லோவில் இருந்தால் சிப் வாயே திறக்காது. நான்காவது, தரவின் வடிவம். லோவில் இருந்தால்தான் ஐ2எஸ் முறை, அதாவது பை டிஜிட்டல் இசையை அனுப்பும் முறை. ஹைக்குப் போனால் பிட்டுகள் ஓரிடம் தள்ளி வாசிக்கப்பட்டு, குரல் அடையாளமே தெரியாமல் சிதறும்.

இந்தத் தகடுகள் எள் அளவுதான். கூர்முனை சால்டரிங் அயர்ன், 0.6 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, கொஞ்சம் ஃப்ளக்ஸ் போதும். இரண்டு தகடுகளையும் ஒரே நேரத்தில் முனையால் தொட்டு, கம்பியை ஒரு நொடி மட்டும் காட்டி எடுங்கள். ஈயம் மூன்று தகட்டுக்கும் பரவிவிட்டால் 3.3 வோல்ட் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும். அதனால் ஒவ்வொரு ஜம்பரையும் முடித்தவுடன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஹை தகட்டுக்கும் லோ தகட்டுக்கும் இடையே சத்தம் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்புறம் எஸ்சிகே என்ற முனைக்கு அருகே இன்னொரு ஜம்பர் இருக்கும். அதையும் மூடி, எஸ்சிகே முனையை கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். இந்த சிப் தன் வேலையை நடத்தும் துடிப்பான மாஸ்டர் கிளாக்கை, ஒவ்வொரு பிட்டோடும் வரும் துடிப்பான பிட் கிளாக்கிலிருந்தே உருவாக்கிக்கொள்ளும். எஸ்சிகே கிரவுண்டில் இருந்தால்தான் அந்த வேலை தொடங்கும். அதை அந்தரத்தில் விட்டால் அக்கம்பக்கத்து வயர்களின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, அதையே வெளிக் கிளாக் என்று சிப் நம்பிவிடும். ஒருநாள் பாடும், மறுநாள் கரகரக்கும், கை அருகே போனால் நின்றுபோகும். இப்படி நிலையில்லாத கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பவர் சப்ளை

இந்த போர்டு மொத்தமாக இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள்தான். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் போதும், உள்ளேயே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. பையின் 5 வோல்ட் முனையிலிருந்தே எடுத்தாலும் ஓடும். ஆனால் ப்ராசசர் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த 5 வோல்ட் ஆடும், அந்தக் கரண்ட் முழுவதும் திரும்பும் கிரவுண்ட் வயரில் உங்கள் இசையும் பங்குபோட வேண்டிவரும். டேக்குக்குத் தனி லீனியர் சப்ளை கட்டுங்கள். பைக்கு அதன் 5 வோல்ட் அடாப்டரே இருக்கட்டும்.

தேவையானவை: 0-9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்கு நான்கு, பாதுகாப்புக்கு இரண்டு என ஆறு 1என்4007 டயோடுகள், 2200 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, எல்எம்317 ரெகுலேட்டர், 120, 330, 33 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று, 1 சதவீத மெட்டல் ஃபிலிம், 10 மைக்ரோஃபேரட் ஒன்று, 100 மைக்ரோஃபேரட் இரண்டு, 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் மூன்று. 100 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ், அதற்கான ஹோல்டர். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் டூ-போல் சுவிட்ச்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7. பிரிட்ஜில் இரண்டு டயோடு 1.4 வோல்ட் தின்றால் மீதி 11.3. ஆனால் இவ்வளவு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், லோடு குறைவாக இருக்கும்போது 20, 25 சதவீதம் கூடுதலாகவே கொடுக்கும். அதோடு லைன் வோல்டேஜ் 250-க்கு ஏறிய இரவில் கெப்பாசிட்டரின் மேல் 16 வோல்ட் வரை நிற்கும். ஆகவே 16 வோல்ட் கெப்பாசிட்டர் போடாதீர்கள், 25 வோல்ட்டே போடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு 2200 மைக்ரோஃபேரடில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 0.23 வோல்ட் அளவில் இருக்கும். லைன் 190-க்கு இறங்கினாலும் ரெகுலேட்டருக்கு மூச்சுவிட இடம் மிச்சம் இருக்கும்.

கடையில் 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர்தான் எளிதில் கிடைக்கும். அதை வாங்கினால் நடு வயரை கிரவுண்டாக வைத்து, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு டயோடு போட்டால் போதும். இரண்டு ஓரங்களையும் பிரிட்ஜில் கொடுத்துவிட்டால் 18 வோல்ட் ஏசி ஆகி, கெப்பாசிட்டரில் 24 வோல்ட்டைத் தாண்டிவிடும். லோடு இல்லாத நேரத்தில் அது 30-ஐத் தொட்டு, 25 வோல்ட் கெப்பாசிட்டர் உப்பும்.

எல்எம்317-இல் வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 120 ஓம். அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்கு 330-ஐயும் 33-ஐயும் வரிசையாகச் சேர்த்த 363 ஓம். வெளியீடு 5.05 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். பல படங்களில் 120-க்குப் பதில் 240 ஓம் இருக்கும். எல்எம்317 ஒழுங்காக நிற்க லோடே இல்லாதபோதும் 10 மில்லி ஆம்பியர் வரை ஓட வேண்டியிருக்கலாம். 240 ஓமில் 5 தான் ஓடும், 120 ஓமில் அந்தப் பத்து கிடைத்துவிடுகிறது. அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபேரட் சேர்த்தால் ரிப்பிளை அடக்கும் திறன் சுமார் 65 டெசிபெல்லிலிருந்து 80-க்கு உயரும். சில ரூபாயில் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு டயோடு வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு, இன்னொன்று அட்ஜஸ்டிலிருந்து வெளியீட்டுக்கு. இரண்டிலும் கோடு போட்ட முனை இரண்டாவதாகச் சொன்ன காலில் வர வேண்டும். சுவிட்சை அணைத்ததும் கெப்பாசிட்டர்கள் ரெகுலேட்டர் வழியாகப் பின்னோக்கிக் காலியாகாமல் இவை காக்கும்.

ரெகுலேட்டரில் சூடாகக் கழிவது அரை வாட் அளவில்தான். ஹீட்சிங்க் வேண்டாம். அதன் உலோக முதுகு வெளியீட்டுக் காலோடு சேர்ந்தது, பெட்டியில் பட்டால் ஷார்ட். இதை மட்டும் மறக்காதீர்கள்.

எல்டி3045 போன்ற மிக அமைதியான ரெகுலேட்டர் போடலாமா என்று கேட்பார்கள். அதன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட், எல்எம்317-இன் இரைச்சலோ 150 மைக்ரோவோல்ட் அளவில். எண்ணைப் பார்த்தால் மனம் மயங்கும். ஆனால் இந்த போர்டில் 5 வோல்ட்டுக்குப் பின்னால் இன்னொரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் நிற்கிறது, சிப் பார்ப்பது அதன் இரைச்சலைத்தான். முன்னால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அது மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை நல்ல பெட்டிக்கும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளைச் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டுக்கும் செலவிடுங்கள்.

கிரவுண்ட் வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

இந்த ஒரு பகுதியில் அவசரப்படாதீர்கள். பிரிட்ஜ், கெப்பாசிட்டரை நிரப்புவது தொடர்ச்சியாக அல்ல. நொடிக்கு 100 முறை, குறுகிய குத்துகளாக. சராசரி 50 மில்லி ஆம்பியராக இருந்தாலும் குத்தின் உச்சம் 400 வரை போகலாம். மெல்லிய வயர் 12 சென்டிமீட்டர் எடுத்தால் ஏறத்தாழ 10 மில்லி ஓம். அந்த வயரில் இந்தக் குத்து ஓடினால் இரண்டு முனைக்கும் இடையே 4 மில்லிவோல்ட் எழும். இந்த சிப்பின் இரைச்சல் தளமோ 5 மைக்ரோவோல்ட் அளவில்தான். அதைவிட எழுநூறு மடங்குக்கு மேல் பெரிய உறுமலை வெறும் 12 சென்டிமீட்டர் வயர் உண்டாக்கிவிடுகிறது, ஆர்சிஏவின் கிரவுண்ட் அந்த வயரின் தவறான முனையில் இருந்தால்.

ஆகவே பிரிட்ஜின் நெகட்டிவ், 2200 மைக்ரோஃபேரடின் நெகட்டிவ் காலுக்கு நேராக வர வேண்டும். வேறு எதுவும் அந்த வயரில் சேரக் கூடாது. கெப்பாசிட்டரின் அதே காலிலிருந்து தனி வயர் எடுத்து ரெகுலேட்டரின் வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்கு, அதாவது 100 மைக்ரோஃபேரடின் நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். 363 ஓமின் கீழ்முனையும் 10 மைக்ரோஃபேரடின் நெகட்டிவும் அங்கேயே சேரட்டும். அங்கிருந்து டேக் போர்டுக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாகப் போகட்டும். போர்டின் வாசலில் மீதி 100 மைக்ரோஃபேரடும் ஒரு 0.1-ம் வையுங்கள். மற்ற இரண்டு 0.1-ஐ ரெகுலேட்டரின் உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் வைத்துவிடலாம்.

ஆர்சிஏ சாக்கெட்டுகளின் கிரவுண்ட், போர்டில் வெளியீட்டு முனைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அனலாக் கிரவுண்டிலிருந்தே வர வேண்டும். பவர் சப்ளையின் கிரவுண்டிலிருந்து எடுக்காதீர்கள். சாக்கெட்டுகள் பெட்டியின் உலோகத்தில் படாதபடி பிளாஸ்டிக் வாஷரோடு மாட்டுங்கள்.

உலோகப் பெட்டி என்றால் மூன்று முள் பிளக்கின் எர்த் வயரைப் பெட்டியில் திருகால் இறுக்கியே ஆக வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக் கிரிம்ப் செய்து, பல்வாஷர் வைத்து இறுக்குங்கள். இது உயிர் காக்கும் வயர்; உறுமல் குறைகிறது என்று இதைக் கழற்றாதீர்கள், எந்த நிலையிலும். ஆடியோ கிரவுண்டைப் பெட்டியோடு சேர்க்க, ஒரே இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபேரடும் ஒன்றுக்கொன்று பேரலலாகப் போடுங்கள். அதே இரு முனைகளுக்கு 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: அதன் ப்ளஸ்ஸும் மைனஸும் ஷார்ட் செய்யப்பட்டிருக்கும், இரண்டு ஏசி முனைகள் மட்டும் இணைப்பில் வரும். மெயின்ஸ் கசிந்து கிரவுண்டில் பாய்ந்தால் அந்தக் கரண்டைச் சுமந்து ஃப்யூஸைப் போக்குவது இந்த பிரிட்ஜ்தான்.

பையிலிருந்து வரும் வயர்கள்

ராஸ்பெரி பையின் 40 முனைகளில் நமக்கு வேண்டியவை மூன்று. 12-ஆம் முனை பிட் கிளாக், போர்டின் பிசிகேக்கு. 35-ஆம் முனை இடது-வலது கிளாக், எல்சிகேக்கு. 40-ஆம் முனை தரவு, டின்னுக்கு. மூன்றுக்கும் பக்கத்திலேயே கிரவுண்ட் முனைகள் இருக்கின்றன: 12-க்கு 14, 35-க்கு 34, 40-க்கு 39. ஒவ்வொரு சிக்னல் வயரோடும் அதன் கிரவுண்ட் வயரை முறுக்கிக் கொண்டுவந்து, மூன்று கிரவுண்டையும் போர்டின் ஜிஎன்டியில் சேருங்கள்.

ஏன் மூன்று கிரவுண்ட்? 44.1 கிலோஹெர்ட்ஸில் பிட் கிளாக் 2.8 மெகாஹெர்ட்ஸ் வரை, 192-இல் 12.3 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அந்த வேகத்தில் திரும்பும் கரண்டுக்குப் பக்கத்திலேயே வழி இல்லையென்றால் அது பெட்டி முழுவதும் சுற்றி வரும், வழியில் உள்ள எல்லாவற்றையும் தொடும். வயர் நீளம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 30 சென்டிமீட்டர் ஜம்பர் வயரில் 44.1 ஓடிவிட்டு 192-இல் டிக் டிக் என்று அடித்தால் காரணம் நீளம்தான். பை பக்கத்து முனையில், ஒவ்வொரு சிக்னலிலும் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் அலையின் ஓரங்கள் துள்ளாமல் அடங்கும்.

பைக்குத் தனி அடாப்டர், டேக்குக்குத் தனி சப்ளை என்பதால் ஒரு ஆபத்து உண்டு. பை ஓடி, டேக் அணைந்திருந்தால், சிக்னல் வயர் வழியாக 3.3 வோல்ட் சிப்புக்குள் புகுந்து பாதி உயிரில் வைத்திருக்கும். இரண்டையும் ஒரே சுவிட்சில் போட்டுவிடுங்கள்.

பையில் மூட் ஆடியோ அல்லது வால்யூமியோ என்ற இசை மென்பொருள் வைத்திருந்தால் ஐ2எஸ் பட்டியலில் 'ஹைஃபைபெர்ரி டேக்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள். பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' இருப்பதை எடுத்தால் மென்பொருள் வேறொரு சிப்பை ஐ2சி என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியாகத் தேடும். அது கிடைக்காமல் சவுண்ட் கார்டே பட்டியலில் வராது.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது

டேக் போர்டை இணைக்காமல், பவர் சப்ளையை மட்டும் 15 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் வயரில் தொடராக வைத்த சீரியல் லேம்ப் வழியாக ஏற்றுங்கள். பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ரெகுலேட்டர் வெளியீட்டில் 4.9-க்கும் 5.2-க்கும் இடையே வந்த பிறகு, அணைத்துவிட்டு போர்டை இணைக்கலாம். போர்டில் ஏ3வி3 முனையில் 3.3 வோல்ட் இருக்கிறதா, மியூட் முனையான எக்ஸ்எஸ்எம்டியிலும் அதே 3.3 இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரைத் தொடுமுன் ஆர்சிஏ முனையில் டிசி அளந்து பாருங்கள். இந்த சிப் உள்ளேயே நெகட்டிவ் வோல்டேஜ் உண்டாக்கிக்கொள்வதால் வெளியீடு பூஜ்யத்தை மையமாக வைத்தே ஆடும். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. கப்ளிங் கெப்பாசிட்டரும் தேவையில்லை. பிறகு 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். இரண்டு சேனலிலும் 2.1 வோல்ட் அளவில் காட்டினால் வேலை சரி. ஹெட்ஃபோனை இதில் நேராகச் செருக வேண்டாம்; 1 கிலோ ஓமுக்குக் குறைந்த லோடை இந்த சிப் சுமக்காது.

ஆர்சிஏ கேபிளை எப்போதும் இரண்டு கருவியும் அணைந்திருக்கும்போதே செருகுங்கள். இந்த பிளக்கில் நடுமுள் முதலில் படும், கிரவுண்ட் வளையம் பிறகுதான் படும். அந்த இடைவெளியில் கிளம்பும் 'டம்' சத்தம், மேல்சுரங்களைப் பாடும் ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கொன்றுவிடும்.

உறுமல் வந்தால்

உறுமலின் சுருதியைக் கவனியுங்கள். கொஞ்சம் உரத்த, கூர்மையான 100 ஹெர்ட்ஸ் என்றால் ரிப்பிள்: கெப்பாசிட்டரின் நெகட்டிவ் வயரிங்கைப் பாருங்கள், லைன் வோல்டேஜ் இறங்கி ரெகுலேட்டர் திணறுகிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்த, மழமழவென்ற 50 ஹெர்ட்ஸ் என்றால் கருவிகளின் கிரவுண்டுகள் வளையமாகச் சேர்ந்துகொண்ட கிரவுண்ட் லூப்பாகவோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமாகவோ இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரைத் திருகிலிருந்து விடுவித்து, மின்காப்பிட்ட கைப்பிடியால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். திருப்பத் திருப்பச் சத்தம் மாறினால் காந்தப்புலம்தான்; சத்தம் மிகக் குறையும் கோணத்தில் இறுக்கிவிடலாம்.

திருப்பியும் மாறவில்லையா? பையின் அடாப்டரைச் சந்தேகியுங்கள். இரண்டு முள் அடாப்டரின் உள்ளே மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே கசியும் மைக்ரோ ஆம்பியர்கள் பையின் கிரவுண்ட், டேக்கின் கிரவுண்ட், ஆர்சிஏ கேபிளின் வலை என்று நடந்து ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத் தேடிப் போகின்றன. உலோகத்தைத் தடவும்போது விரலில் லேசாகச் சுறுசுறுப்பது இந்தக் கரண்டால்தான். பையை அடாப்டரிலிருந்து கழற்றி பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் மறைந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். நிரந்தரத் தீர்வாக, பைக்கும் டேக்குக்கும் நடுவே மின் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் எஸ்ஐ8640 வகை டிஜிட்டல் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டு, மூன்று சிக்னலையும் அதன் வழியே விடுங்கள். ஐசொலேட்டரின் ஒரு பக்கத்துக்கு பையின் முதல் முனையிலுள்ள 3.3 வோல்ட், மறுபக்கத்துக்கு டேக் சப்ளையின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு தனிச் சின்ன 3.3 வோல்ட் ரெகுலேட்டர். இரு பக்கக் கிரவுண்டும் எங்கேயும் தொடக் கூடாது. பையைப் பிடித்திருக்கும் உலோகத் திருகு பெட்டி வழியாக அவற்றைச் சேர்த்துவிட்டாலும் செய்த வேலை வீண், அதனால் பையை நைலான் ஸ்பேசரில் உட்கார வையுங்கள்.